4 ஜிபியில் நின்று போகும் கல்யாண கேசட்

பழைய விஎச்எஸ் கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற இப்போது பெரிய செலவு இல்லை. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்களுடன் வரும் சிறிய கேப்சர் சாதனம் ஒன்றும், ஓடுகிற விசிஆர் ஒன்றும் இருந்தால் போதும். (விசிஆர் கிடைப்பதுதான் கஷ்டம். கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016ல் நிறுத்திவிட்டது.) சாதனத்தை இணைத்து, சாப்ட்வேரை இயக்கி, ரெகார்ட் பட்டனை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். திரும்பி வந்தால் பதிவு பாதியில் நின்றிருக்கிறது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று செய்தி வேறு. ஹார்ட் டிஸ்க்கிலோ 300 ஜிபி காலியாக இருக்கிறது!

கேசட்டிலும் குறை இல்லை, டிஸ்க்கிலும் குறை இல்லை. ஒரு தனி பைல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டிருக்கிறீர்கள்.

வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். நம் நாட்டுக் கேசட்டுகள் பால் முறையில் பதிவானவை. இதைக் கேப்சர் செய்யும்போது ஒரு பிரேம் 720 x 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம்கள். புள்ளிக்கு 2 பைட் என்று வைத்தால் நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட். சுருக்காமல் பதிந்தால் மூன்றரை நிமிடத்தில் 4 ஜிபி ஆகிவிடும்; ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 75 ஜிபி. டிவி பார்மட்டில் 4 ஜிபிக்கு ஏறத்தாழ 20 நிமிடம் கிடைக்கும். நொடிக்கு 6 மெகாபிட் எம்பெக்-2 என்றால் ஒன்றரை மணி நேரம்.

எல்லை இரண்டு இடங்களில் வரும். முதலாவது, டிஸ்க்கின் பைல் சிஸ்டம். ஃபேட்32 முறையில் பார்மட் செய்த டிரைவில் ஒரு பைலின் அளவைக் குறித்துக்கொள்ள 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட் கூட அந்தப் பைலில் சேராது. இரண்டாவது, பழைய ஏவிஐ பைல் அமைப்பு. சில பழைய புரோகிராம்கள் 2 ஜிபியிலேயே நின்றுவிடும். 1996ல் வந்த ஓப்பன்டிஎம்எல் விரிவாக்கம் இதைத் தீர்த்துவிட்டது. ஆனால் சாப்ட்வேர் அதன்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

என் சித்தப்பாவின் கல்யாண கேசட் 1994ல் எடுத்தது, மூன்று மணி நேரம் ஓடும். சித்தப்பா அதை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கி வந்தார். படம் தாலி கட்டி முடித்துச் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. மாலை வரவேற்பில் தாத்தா மைக் பிடித்து வாழ்த்திப் பேசியது இல்லை. தாத்தாவின் குரல் இருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். கடைக்காரர், "டேப்ல அவ்வளவுதான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். சித்தப்பாவும் நம்பிவிட்டார். கேசட்டைத் தூக்கிப் போட இருந்தார்.

நான் பைலின் அளவைத்தான் முதலில் பார்த்தேன். 3.99 ஜிபி. சாப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிடும். ஒரு கல்யாணம் இவ்வளவு கச்சிதமாக 4 ஜிபியில் முடியாது. கேசட்டை வாங்கி மறுபடி பதிந்தேன். தாத்தா நான்கு நிமிடம் பேசுகிறார். நீங்களும் கடையில் மாற்றி வாங்கிய பைல்களின் அளவைப் பாருங்கள். 2 ஜிபி அல்லது 4 ஜிபியை ஒட்டி இருந்தால் கேசட்டை மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் எறியாதீர்கள்.

சரி, தீர்வு. பதியப் போகும் டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். பைல் சிஸ்டம் என்ற இடத்தில் என்டிஎப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்று இருந்தால் கவலை இல்லை. ஃபேட்32 என்று இருந்து, டிரைவ் காலியாகவும் இருந்தால், என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்திடவும். உள்ளே பைல்கள் இருந்தால் பார்மட் வேண்டாம், எல்லாம் அழிந்துவிடும். அவற்றுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கன்வெர்ட் இ: /எப்எஸ்:என்டிஎப்எஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். இ என்ற இடத்தில் உங்கள் டிரைவின் எழுத்து வர வேண்டும். பைல்கள் அப்படியே இருக்க, டிரைவ் மட்டும் மாறிவிடும். ஃபேட்32க்குத் திரும்ப வேண்டுமானால் மீண்டும் பார்மட் செய்வதுதான் வழி.

டிரைவை மாற்ற முடியாத நிலையா? விர்ச்சுவல்டப் என்ற இலவச புரோகிராமில் மல்டிசெக்மெண்ட் கேப்சர் என்ற வசதி இருக்கிறது. ஒரு பைல் எல்லையை நெருங்கியதும் தானாகவே அடுத்த பைலுக்கு மாறி, 00, 01, 02 என்று எண்ணிட்டுக்கொண்டே போகும். பிறகு முதல் பைலைத் திறந்து மற்றவற்றை வரிசையாகச் சேர்த்து ஒன்றாக்கலாம். சேர்த்த பைலை என்டிஎப்எஸ் டிரைவில்தான் சேமிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு பிரதி உள்ள கேசட் என்றால், ஹஃப்ஒய்யுவி அல்லது லகரித் போன்ற தரம் குறையாத கோடெக்கில் பதிவதே என் விருப்பம். சுருக்காத அளவில் ஏறத்தாழ பாதி இடம் பிடிக்கும். டிஸ்க்கில் இடம் இல்லையென்றால் எம்பெக்-2 போதும், மோசமில்லை.

முக்கியமான கேசட்டை எடுத்ததும் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த பழைய டேப் இன்னும் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. வேண்டாத கேசட் ஒன்றை வைத்து, பைல் 4 ஜிபியைத் தாண்டி வளர்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கம்ப்யூட்டர் தானாக ஸ்லீப்புக்குப் போகாதபடியும் வைத்துவிடுங்கள்.

கடைசியில் உறவினர்களுக்கு பென் டிரைவில் கொடுக்கும்போது இதே எல்லை மறுபடி தலைகாட்டும். பென் டிரைவுகள் பல ஃபேட்32 ஆகவே வருகின்றன. சில டிவிக்கள் வேறு முறையைப் படிப்பதும் இல்லை. நொடிக்கு 4 மெகாபிட் அளவில் எம்பி4 ஆக மாற்றினாலும் மூன்று மணி நேரக் கல்யாணம் 5 ஜிபியைத் தாண்டும். காலை முகூர்த்தம் ஒரு பைல், மாலை வரவேற்பு ஒரு பைல் என்று பிரித்துக் கொடுங்கள். எல்லோருடைய டிவியிலும் ஓடும்.