உயர்த்திய வண்டியும் பின்னச்சு வில்லும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்பர். அங்குள்ள உன்னிச்சைக் குளம் வயல்களுக்குப் பாசன நீரும் மட்டக்களப்பு நகருக்குக் குடிநீரும் அளிக்கின்றது. வடகீழ்ப் பருவமழை பொழியுங் காலத்தில் வயற்பாதைகள் சேறாகிவிடும். முன்னாளில் மாட்டுவண்டிலின் பெரிய சில்லு இச்சேற்றைக் கடந்தது. இந்நாளில் நாற்சில்லும் இயங்கும் ஜீப், லாண்ட் றோவர், ஹைலக்ஸ் முதலிய வண்டிகளும் அப்பணியைச் செய்கின்றன. இத்தகைய வண்டிகளை உடையோர் சிலர் அவற்றின் உடலை மேலும் 5 அல்லது 10 சென்ரிமீற்றர் உயர்த்திக்கொள்வர். அவ்வாறு உயர்த்திய வண்டி தார்வீதிக்கு ஏறியதும் பின்புறந் தளம்புவதுண்டு. வளைவிலே பின்பகுதி வெளியே வழுக்குவதுமுண்டு. நெல்மூடையும் அதன்மேல் ஆட்களும் ஏறிச் செல்லும் வண்டியில் இக்குறை உயிருக்கே இறுதியாகலாம். ஆதலின் இதன் காரணத்தை ஆராய்தல் தகும்.

1804 ஆம் ஆண்டில் ஒபடையா எலியட் என்னும் ஆங்கிலேயர் குதிரை வண்டிக்கான நீள்வட்ட வில்லுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1948 இல் வெளிவந்த முதல் லாண்ட் றோவரும் எஃகுத் தகடுகளை அடுக்கிய விற்களின் மேலேயே நின்றது. இவ்வகை வில்லுக்குத் தொழில் இரண்டு: பாரத்தைச் சுமத்தல் ஒன்று, அச்சைத் தன் இடத்தில் நிறுத்தல் மற்றொன்று. உயர்த்துவோர் முன்னதையே கருதிப் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

வில்லின் முன்முனை சட்டத்துடன் பிணைக்கப்பட்டிருக்கின்றது. உடலை உயர்த்தினால் அச்சு அம்முனையிலும் மிகத் தாழ்ந்து நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சில்லு மேலெழுந்து சற்றுப் பின்னே நகரும். உட்பக்கச் சில்லு தாழ்ந்து முன்னே நகரும். அதனால் பின்னச்சே கோணித் திரும்பி, வண்டியின் பின்புறத்தை வளைவுக்கு வெளியே தள்ளுகின்றது.

வில்லுக்கும் அச்சுக்கும் இடையே கட்டைகளை வைத்து உயர்த்தினால் வேறொரு தீங்கும் விளையும். கட்டை நெம்புகோல்போல நின்று, வேகங் கூட்டும்போதும் தடுப்பை அழுத்தும்போதும் வில்லை முறுக்கும், சில்லு துள்ளும். கட்டையின்மேற் கட்டை அடுக்குதல் முற்றுந் தவிர்க்கத்தக்கது.

புவியீர்ப்பு மையத்தின் உயர்வும் கருதற்பாலது. இரு சில்லுகளின் இடையகலம் 150 சென்ரிமீற்றரும் மையத்தின் உயரம் 75 சென்ரிமீற்றரும் எனக் கொள்வோம். அகலத்திற் பாதியை உயரத்தால் வகுக்க 1 வரும். மையம் 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால் அது ஏறத்தாழ 0.88 ஆகும். கவிழாது நிற்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறைந்தது என்பதே இதன் பொருள். மேலே மூடை ஏற்றின் அது மேலுங் குறையும்.

குறை தீர்க்கப் புகுவோர் எளியதிலிருந்து தொடங்குதல் நன்று. முதலில் ரயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தல் வேண்டும். அடுத்து, அச்சை வில்லுடன் இறுக்கும் யூ வடிவ ஆணிகளையும் வில்லின் கண்களிலுள்ள தேய்ந்த றப்பர் உறைகளையும் நோக்குக. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் இருபுறமும் ஒத்திருத்தல் அவசியம். பின்னர், கட்டைகளை அகற்றி, ஏற்ற வளைவுடைய வில்லையும் புதிய உயரத்துக்குப் போதிய நீளமுள்ள அதிர்வுத் தாங்கியையும் பொருத்துக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி ஓட்டிப் பார்த்தால் எது காரணம் என்பது தெளிவாகும்.

பலர் கவனியாதது ஒன்றுண்டு. சில வண்டிகளிற் பின்தடுப்பின் வலிமையைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். அது உடலுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக்கொண்டே பாரத்தை அறியும். வண்டியை உயர்த்தியதும் பாரமில்லை என அது கொண்டு பின்தடுப்பைத் தளர்த்திவிடும். அதன் இணைப்பைப் புதிய உயரத்துக்கேற்பத் திருத்தல் இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று: வில்லை உயர்த்துவதால் உடல் மட்டுமே உயரும்; அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி முன்னிருந்த உயரத்திலேயே நிற்கும். அதனை உயர்த்துவது பெரிய சில்லு ஒன்றே. மாட்டுவண்டில் சேற்றைக் கடந்ததும் அதனாலேயே. எனவே, எவ்வளவு உயரம் மெய்யாகத் தேவை என அளந்தறிந்தபின் உயர்த்துதலே அறிவுடைமையாகும்.