அழிந்தது முகவரிதான்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு கல்யாண ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடப் படங்கள் நாலு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. நாலையும் இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு அமைப்பு ஒரே ‘பூல்’ ஆகக் கட்டியிருக்கிறது. கம்ப்யூட்டரை மாற்றும்போது பழைய பூலை இணைக்கும் கட்டளைக்குப் பதில் புதிய பூலை உருவாக்கும் கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள். ‘ஏற்கெனவே பூல் இருக்கிறதே’ என்று மெஷின் மறுக்கும், வற்புறுத்தினால் செய்துவிடும். சில நொடிதான், பூல் காலி.

டெராபைட் கணக்கான படங்கள் சில நொடியில் அழியுமா? அழியாது.

இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்தில் இரண்டும் கடைசியில் இரண்டுமாக, 256 கிலோபைட் அளவில் நாலு லேபிள்கள் வைக்கும். எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்ற குறிப்பு அவற்றில்தான் உண்டு. புதிய பூல் அந்த நாலையும் அழித்தெழுதி, உள்ளே தன் கணக்கையும் கொஞ்சம் எழுதிக்கொள்ளும். மற்ற இடத்தைத் தொடாது. வீதியும் வீடும் அப்படியே இருக்க, தபால்காரரின் முகவரிப் பதிவேடு மட்டும் எரிந்துபோன நிலை.

2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் தொடங்கிய இந்த அமைப்பில் மீட்புக்கு உதவும் குணம் ஒன்று உண்டு. ஒரு துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டியிலேயே அந்தத் துண்டின் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். மீட்பு மென்பொருள் டிஸ்க் முழுவதும் தேடிப் பழைய சுட்டிகளைப் பொறுக்குகிறது. கிடைத்த துண்டு சரியானதா என்பதைச் செக்சம் சொல்லிவிடும். இந்தத் தேடல் நாள் கணக்கில் இழுக்கும்.

அதற்குள் புதிதாக எதையாவது எழுதினால், எழுதிய இடம் போனதுதான். எஸ்.எஸ்.டி. என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஃபார்மட் செய்யும்போதே பல கருவிகள், ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று டிஸ்க்குக்குச் சொல்லும் ‘டிரிம்’ கட்டளையை அனுப்பிவிடும். ஆகவே உடனே மெஷினை நிறுத்துங்கள். டிஸ்க்குகளின் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான்.

அழிக்கும் முன் நகலெடுத்த பழைய கதை ஒன்று உண்டு. திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. அங்கே கோயில் விமானத்தை இடித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவர்க் கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கவும் சொன்னான். ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இடிக்கிற சுவரிலேயே நகலையும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இசட்.எஃப்.எஸ். லேபிள் நாலும் ஒரே டிஸ்க்கில் இருப்பவை, அவற்றை நம்பாதீர்கள். வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு வீட்டில், ஒரு பிரதி வையுங்கள்.