மோட்டார் வண்டியில் இரைச்சலை அடக்கும் முறை

சந்தையிற் சட்டி வாங்கும் பெண்மணி அதனை விரலாற் சுண்டிப் பார்க்கின்றாள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்த சட்டி. மந்தமாக ஒலித்தால் எங்கோ வெடிப்புண்டு. இது அவள் பள்ளி செல்லாமலே கற்ற பௌதிகவியல். மோட்டார் வண்டியின் கதவையும் நாம் இவ்வாறே தட்டிப் பார்த்தல் வேண்டும். ஆனால் இங்கே முடிவு தலைகீழாகும். கணீரென்று ஒலிக்கும் கதவு இசைக்குப் பகை. மந்தமாக ஒலிக்கும் கதவே நட்பு. இதன் காரணத்தை விளக்கி, ஓடும் வண்டியில் இசையைச் செவ்வையாகக் கேட்பதற்கு வேண்டிய முறைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் யான் ஈடுபட நேர்ந்தமைக்கு என் தாய்மாமனாரே காரணர். பலாலி வீதியில் வாடகைக் கார் ஓட்டிப் பல பிள்ளைகளைக் கல்லூரிக்கும், பல நோயாளரை வைத்தியசாலைக்கும் கொண்டுசென்றவர் அவர். அவருடைய ஒஸ்ரின் ஏ 40 வண்டி இன்றும் உரும்பிராயில் எங்கள் வளவில் நிற்கின்றது. இணுவிலிற் பிறந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் வாசிப்பென்றால் அம்மானுக்கு உயிர். அவ்வொலிப்பதிவுகளைக் காரில் இருந்து கேட்கவேண்டுமென்று ஆசைப்பட்டார். புதிய ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தோம். வண்டி ஓடத் தொடங்கியதும், “தம்பி, இன்னுங் கொஞ்சம் கூட்டிவிடு, ஒண்டும் கேக்கேல்லை” என்றார். கூட்டினோம். கதவுகள் தாமும் பக்கவாத்தியஞ் செய்யத் தொடங்கின. மீண்டும் கூட்டச் சொன்னார். பின்னால் இருந்த எனக்குக் காது வலித்தது, அவருக்கோ போதவில்லை. அப்பொழுதுதான் குறை கருவியில் இல்லை, வண்டியிலும் அவர் செவியிலும் உண்டு என்பதை உணர்ந்தேன்.

காரில் வானொலி கேட்கும் ஆசை புதிதன்று. அமெரிக்காவிற் கல்வின் சகோதரர் 1930ஆம் ஆண்டில் ‘மோட்டரோலா’ என்னும் பெயருடன் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் நாட்டிற் கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டிலே தொடங்கி, 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்து வீதிகளை அக்காலத்தில் ஆண்ட ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் ஆகிய வண்டிகளிற் பாட்டுக் கேட்டவர் சிலரே.

1990ஆம் ஆண்டிற்குப் பின் பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்கு அரும்பொருளாயின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினோம். மண்ணெண்ணெய் இயந்திரத்தில் முறையாக எரியாது இடித்து எரியும் இயல்பினது. ஆதலால் வண்டிகள் இருமியும் இடித்தும் சென்றன. அந்நாட்களிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஒருவர் சுழற்ற, வீட்டார் அனைவரும் மூச்சடக்கிக் கேட்போம். அன்று மின் இல்லை, அமைதி இருந்தது. இன்று மின் வேண்டிய அளவு உண்டு; அமைதிதான் இல்லை.

இரைச்சல் வரும் வழிகள்

ஓடும் வண்டியினுள் இரைச்சல் இருவழிகளால் வருகின்றது. முதலாவது, திண்மப் பொருள்களின் வழியாக வருவது. இயந்திரத்தின் நடுக்கமும் ரயர் தரையில் மோதும் அதிர்வும் சட்டகத்தின் வழியே தகட்டை அடைகின்றன. பரந்த மெல்லிய தகடு தவிலின் தோலைப் போன்றது; தனக்கு இயல்பான மீடிறனில் யாரேனும் தட்டினால் பேரொலி எழுப்பும். இதனைப் பரிவு என்பர். இரண்டாவது, காற்றின் வழியாக வருவது. புகைக்குழாயின் ஒலியும் காற்றின் சீறலும் கண்ணாடி வழியாகவும், கதவின் இடைவெளிகள் வழியாகவும் உட்புகுகின்றன.

இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தமையாலேயே பலர் பணத்தை இழந்தனர்.

தணித்தல், தடுத்தல், உறிஞ்சல்

கோயில் மணியை அடித்தவுடன் உள்ளங்கையால் அதனைப் பற்றினால் ஒலி அற்றுப்போகின்றது. மணியின் அதிர்வுச் சக்தியை நம் தசை வாங்கி வெப்பமாக்கி விடுகின்றது. இதுவே தணித்தல். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புகின்றார். அதனால் தோலின் திணிவு கூடி, நாதம் தாழ்கின்றது. இது திணிவேற்றல். தகட்டின்மேல் ஒட்டும் விரிப்பு இவ்விரு தொழிலையும் செய்கின்றது. எனினும் அதன் தலையாய தொழில் தணித்தலே.

இன்று விற்கப்படும் நல்ல விரிப்பு இரு படைகளை உடையது. கீழே ஒட்டுந்தன்மையுள்ள பியூற்றைல் இறப்பர். மேலே மெல்லிய அலுமினியத் தாள். தகடு வளையும்பொழுது அலுமினியம் எளிதில் நீள மறுக்கின்றது. இடையில் அகப்பட்ட இறப்பர் பக்கவாட்டில் இழுபட்டு நெரிகின்றது. அந்நெரிவில் அதிர்வுச் சக்தி வெப்பமாக மாறுகின்றது. தாளில்லாத வெறும் இறப்பர் இவ்வளவு பயன் தராது. தகட்டின்மேல் ஒரு படையை மட்டும் பூசித் தணிக்கும் முறையை ஜேர்மனியில் ஒபேர்ஸ்ற் என்பார் 1952ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்; இரு படைகளுக்கிடையே நெரித்துத் தணிக்கும் முறையின் கணிதத்தை அமெரிக்காவிற் கேர்வின் என்பார் 1959ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். ரயர்க் குழாய்களிற் பயன்படும் பியூற்றைல் இறப்பரோ 1937ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டது.

இவ்விரிப்பை ஒட்டினால் வெளியொலி முழுவதும் தடைபடும் என்று எண்ணுவது தவறு. கணக்கிட்டுப் பார்ப்போம். 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 6.3 கிலோகிராம் நிறையுடையது. 2 மில்லிமீற்றர் விரிப்பு ஏறக்குறைய 3 கிலோகிராம். காற்றொலியைத் தடுக்கும் ஆற்றல் திணிவு இரட்டிக்குந்தோறும் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும் என்பது விதி. நாம் கூட்டியதோ பாதித் திணிவே; ஆகவே 3 அல்லது 4 டெசிபெல்லுக்கு மேல் எதிர்பார்த்தல் ஆகாது. விரிப்பு தகட்டின் வாயை அடக்கும். வெளியார் வாயை அடக்காது.

வெளியொலியைத் தடுப்பதற்கு முதற்கண் செய்யவேண்டியது கதவு விளிம்பிலுள்ள இறப்பரைப் புதுப்பித்தலாகும். ஒரு சுவர் எவ்வளவு தடிப்பாயினும் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருப்பின், அது 20 டெசிபெல்லுக்கு மேல் ஒலியைத் தடுக்க இயலாது. ஓட்டைக் குடத்திற்கு வெள்ளி முலாம் பூசி ஆவதென்ன?

நுரைப்பஞ்சும் கம்பளமும் உறிஞ்சும் இனத்தவை. இவை காற்றின் அசைவைத் தம் நுண்துளைகளில் உராய்வித்து அடக்குகின்றன. ஆனால் செக்கனுக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். 1000 அதிர்வுள்ளதன் அலைநீளம் 35 சென்ரிமீற்றர். அரை அங்குலப் பஞ்சு உயர்ந்த ஒலியை உறிஞ்சுமேயன்றி, ரயரின் தாழ்ந்த உறுமலை ஒன்றுஞ் செய்யாது.

கதவே ஒலிப்பெட்டி

இனி இசைக்கு வருவோம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்பொழுது பின்னே காற்றை இழுக்கின்றது. முன்னலையும் பின்னலையும் ஒன்றற்கொன்று எதிரானவை. கதவின் உட்தகட்டிற் பெருந்துளைகள் பல இருப்பதால் பின்னலை வெளிவந்து முன்னலையுடன் கலந்து அதனை அழிக்கின்றது. தாழ்ந்த நாதமே இதனால் மிகுதியும் கெடுகின்றது. தவிலின் தொப்பி ஒலி மறைந்து, வலந்தலையின் தெறிப்பு மட்டும் எஞ்சுவதற்கு இதுவே காரணம். அத்துளைகளை அலுமினியத் தகட்டால் மூடி அதன்மேல் விரிப்பை ஒட்டினால் கதவு ஒரு பெட்டியாகின்றது. விலையுயர்ந்த ஒலிபெருக்கி வாங்குமுன் இதனைச் செய்து பார்த்தல் அறிவுடைமையாகும்.

செய்முறை

எங்கள் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. வேலைத்தலம் ஒன்றிற் கூரைக்குரிய தார்விரிப்பைக் கதவினுள் ஒட்டித் தந்தனர். விலை மலிவு என்று மகிழ்ந்தோம். சித்திரை வெயிலில் வண்டியை ஒருநாள் முற்றத்தில் விட்டோம். தார் இளகி வழிந்து, கதவின் நீர்த்துளைகளை அடைத்துவிட்டது. அடுத்த மழையில் நீர் உள்ளே தங்கி, அடித்தகடு துருப்பிடிக்கத் தொடங்கியது. நாற்றமும் நெடுநாள் நீங்கவில்லை. அந்தத் தாரைச் சுரண்டியெடுத்த இரண்டு நாட்களும் எனக்கு நல்ல பாடமாயின. இரண்டாம் முறை நாங்களே செய்தோம். அம்முறை வருமாறு:

முதலாவது, இரைச்சலின் பிறப்பிடத்தைத் திருத்துக. தேய்ந்த ரயர், வெடித்த இயந்திரத் தாங்கி இறப்பர், ஓட்டையான புகைக்குழாய் ஆகியவற்றை அப்படியே விட்டு விரிப்பு ஒட்டுவது வீண்.

இரண்டாவது, கதவின் உள்மூடியைக் கழற்றி, துருவைத் தேய்த்தகற்றி, துருத்தடுப்பு மை பூசி உலரவிடுக. பின் மதுசாரந் தோய்ந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்க. தூசின்மேல் ஒட்டிய விரிப்பு ஒருநாள் விழுந்தே தீரும்.

மூன்றாவது, வெளித்தகட்டின் நடுப்பகுதியில் விரிப்பை ஒட்டி உருளையால் அழுத்துக. நடுவே அதிர்வு மிகுதி. முழுவதும் மூடவேண்டிய அவசியமில்லை. காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை ஒட்டினாலே பயனின் பெரும்பகுதி கிட்டும். விரலாற் சுண்டிப் பார்த்து, ‘கணீர்’ என்பது ‘தொப்’ என்று மாறிய இடத்தில் நிறுத்துக. அலுமினியத் தாளின் விளிம்பு கத்தியை ஒத்தது. கையுறை அணிதல் நலம்.

நான்காவது, உட்தகட்டின் துளைகளை மூடுக. ஆனால் கதவின் அடியிலுள்ள நீர்த்துளைகளை ஒருபோதும் மூடற்க. கண்ணாடி ஏறியிறங்கும் பாதையிலும் பூட்டின் கம்பிகளிலும் எதுவும் படலாகாது. கடற்காற்று வீசும் நம் நாட்டில் நீரை உறிஞ்சும் பஞ்சைக் கதவினுள் வைத்தல், துருவுக்கு விருந்தழைத்தலாகும். மூடிய நுண்ணறைகளையுடைய, நீர் புகாத நுரையையே அங்கு பயன்படுத்துக.

ஐந்தாவது, பூட்டுக் கம்பிகளுக்குத் துணிநாடா சுற்றுக. ஒலிபெருக்கியை உறுதியான வளையத்தின்மேற் பொருத்துக. உள்மூடி தகட்டைத் தொடுமிடங்களில் மெல்லிய நுரையை இடுக. கடகடவென்னும் ஒலிகளுட் பல இவ்வளவிலேயே அடங்கிவிடும்.

ஆறாவது, தரைத்தகட்டில் முதலில் விரிப்பு, அதன்மேல் நுரை, அதற்கும்மேல் பாரமான இறப்பர்ப் பாய் என அடுக்குக. இயந்திர அறையின் பக்கம் எளிதில் தீப்பற்றும் பொருள் எதனையும் வைத்தல் ஆகாது. மிகப் பழைய வண்டிகளிற் காணப்படும் நார்த்தடுப்புக்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையிற் கிழித்துத் தூசி கிளப்புதல் நுரையீரலுக்குக் கேடு.

பயனும் எல்லையும்

குளிரூட்டியில்லாத பழைய வண்டியில் நண்பகலிற் கண்ணாடியைத் திறந்தே ஓடவேண்டும். அப்பொழுது வெளியிரைச்சலுக்கு இம்முறைகள் மருந்தாகா. தகட்டின் நடுக்கம் குறைவதும் ஒலிபெருக்கியின் நாதம் திருந்துவதுமே எஞ்சும் பயன்கள். காலையிலும் மாலையிலும் கண்ணாடியை உயர்த்தி ஓடும்பொழுதுதான் முழுப்பயனும் தெரியும். வண்டியை முற்றும் செவிடாக்கவும் கூடாது. பின்வரும் பேருந்தின் ஊதொலி சாரதிக்குக் கேட்டல் வேண்டும்.

எனினும் சிறு குறைவும் பெரும்பயன் தரும். இரைச்சல் 3 டெசிபெல் குறைந்தால் இசையைத் தெளிவாகக் கேட்கப் பாதி வலு போதும். 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போதும். பெரிய கருவிக்குச் செலவிடும் பணத்தை அமைதிக்குச் செலவிடுவதே சிக்கனம்.

பணத்திலும் மேலானது செவி. 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் இருத்தலாகாது என்பதும், அதற்குமேல் 3 டெசிபெல் ஏறுந்தோறும் காலத்தைப் பாதியாக்கவேண்டும் என்பதும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அக்கணக்கின்படி 94 டெசிபெல்லில் ஒரு மணித்தியாலமே எல்லை. உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலை வெல்வதற்கு இசையைக் கூட்டுபவன், இரு பகைவரைத் தன் செவியில் ஒருங்கே விடுகின்றான். ஆண்டுக்கணக்கில் இடித்து ஓடிய இயந்திரத்தின் அருகிருந்த அம்மானின் செவி இழந்ததை எந்த விரிப்பும் மீட்டுத் தராது. எஞ்சியதைக் காப்பதே நம்மால் இயன்றது.

வேலை முடிந்த மாலை, கோண்டாவில் வரை சென்று திரும்பினோம். முன்னர் முக்காற் பங்கு திருகிய குமிழ் பாதிக்குக் கீழே நின்றது. அம்மான் கூட்டச் சொல்லவில்லை. தொப்பியின் ஒலி கேட்டவுடன் வலக்கையைச் சுக்கானிலிருந்து எடுத்துத் தொடையிலே தாளம் போட்டார். “அம்மான், றோட்டைப் பாத்து ஓடுங்கோ” என்றேன். “எனக்கு றோட்டும் தெரியுது, தவிலும் கேக்குது, நீ பேசாமல் இரு” என்றார்.

கல்லூரியிற் பரிவையும் மீடிறனையும் நாம் கற்றபொழுது, இவற்றால் ஆவதென்னவென்று வினவிய மாணவர்களுள் யானும் ஒருவன். அவ்வினாவிற்கு விடை கிடைக்க நெடுங்காலமாயிற்று. வீட்டில் வண்டியும், அதில் இசை கேட்கும் பெரியவர் ஒருவரும் உடைய நண்பர்கள் நாளையே கதவைச் சுண்டிப் பார்ப்பார்களாக.