சட்டம் வரைந்த சதுரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில், அயோவா அல்லது கான்சாஸ் மாநிலத்தின் மேலே விமானத்தில் பறப்பவர்கள் சாளரத்தின் வழியே கீழே நோக்கினால் ஒரு விந்தையான காட்சியைக் காண்பார்கள். கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல்கள் சதுரம் சதுரமாகப் பரந்து கிடக்கும். சாலைகள் வடக்கு தெற்காகவோ கிழக்கு மேற்காகவோதான் ஓடும். பல இடங்களில் ஒரு சாலைக்கும் அடுத்த சாலைக்கும் இடையே சரியாக ஒரு மைல். இந்தக் கட்டங்களை வரைந்தது ஒரு சட்டம்.

1785ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் நிலச் சட்டம் ஒன்றை இயற்றியது. விடுதலைப் போர் முடிந்து நாடு கடனில் மூழ்கியிருந்த காலம் அது. அரசிடம் பணம் இல்லை. மேற்கே நிலம் இருந்தது. அதை விற்க வேண்டும். விற்பதற்கு முன் அளக்க வேண்டும். ஆகவே 6 மைல் பக்கமுள்ள பெரிய சதுரங்களாக நிலத்தைப் பிரிப்பது, ஒவ்வொன்றையும் ஒரு சதுர மைல் அளவுள்ள 36 துண்டுகளாக்குவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கர். 16ஆம் எண் துண்டு பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கப்பட்டது! அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தாமஸ் ஹட்சின்ஸ் என்பவர் தலைமையில் ஓஹையோ ஆற்றங்கரையில் அளவை தொடங்கியது.

எதைக் கொண்டு அளந்தார்கள்? 1620ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கணித அறிஞர் எட்மண்ட் குந்தர் வகுத்த சங்கிலியால். அதன் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இந்தச் சங்கிலி நமக்கும் உறவுதான். உங்கள் ஊரில் மனை விலை பேசும்போது சொல்லும் 'சென்ட்' என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது சரியாக 1000 சதுரக் கண்ணி. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம் ஊர்களில் வயலும் வரப்பும் முதலில் இருந்தன. அளப்பவர் பிற்பாடு வந்து கல் நட்டார். அங்கே கோடு முதலில் வந்தது, வயல் பிறகு வந்தது.

அதனால் அந்த நிலம் வெற்று நிலம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்தனர். ஒப்பந்தங்களாலும் போராலும் அவர்கள் சிறு ஒதுக்கிடங்களுக்குத் தள்ளப்பட்டனர். 1887ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஒதுக்கிடங்களையும் கூறு போட்டுக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பங்கிட்டது; 'மிச்சம்' பிறருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டில் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடியினர் நிலம் 1934இல் சுமார் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது.

சதுரம் போட்டவர்களுக்குப் பூமியே ஓர் இடைஞ்சல் செய்தது. பூமி உருண்டையானது; தீர்க்கரேகைகள் வடக்கே செல்லச் செல்ல நெருங்குகின்றன. 40 பாகை அட்சரேகையில் 6 மைல் சதுரம் ஒன்றை வரைந்தால், அதன் வட பக்கம் தென் பக்கத்தைவிட ஏறத்தாழ 40 அடி குறைந்துவிடும். இப்பிழை சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை புதிய கோடு போட்டு, அளவை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அத்தகைய இடங்களில் நேராகச் செல்லும் சாலை திடீரென்று ஒடிந்து, சிறிது தூரம் பக்கவாட்டில் ஓடி, மறுபடியும் வடக்கே திரும்பும். காரணம் அறியாத ஓட்டுநர்கள் சாலை போட்டவரைத் திட்டுவார்கள்.

1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், சதுர மைலில் கால் பங்கான 160 ஏக்கரைச் சிறு கட்டணத்துக்கு வழங்கியது. முக்கிய நிபந்தனை: 5 ஆண்டுகள் அந்த நிலத்திலேயே குடியிருந்து பயிரிட வேண்டும். விளைவைப் பாருங்கள். நம் நாட்டில் உழவர்கள் ஊரில் சேர்ந்து வாழ்ந்து, காலையில் வயலுக்குச் செல்கிறார்கள். அங்கோ ஒவ்வொரு குடும்பமும் தன் சதுரத்தில் தனித்து வீடு கட்டியது. அடுத்த வீடு அரை மைலுக்கு அப்பால். நோய் நொடி என்றால் குரல் கொடுத்தாலும் கேட்க ஆள் இல்லை.

மழை நிறைந்த கிழக்கில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 100ஆம் மேற்குத் தீர்க்கரேகைக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கு ஆண்டு மழை சுமார் 20 அங்குலத்துக்கும் குறைவு. சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியல் அறிஞர் இதை நன்கு உணர்ந்திருந்தார். போரில் வலக்கையை இழந்த பின், 1869இல் கொலராடோ ஆற்றில் படகில் சென்று ஆராய்ந்தவர் அவர். வறண்ட பகுதியில் மேய்ச்சல் பண்ணைக்கு 2560 ஏக்கர் தேவை, எல்லைகளைச் சதுரமாக அல்லாமல் தண்ணீர் கிடைக்கும் வகையில் வகுக்க வேண்டும் என்று 1878இல் அறிக்கை கொடுத்தார். அதாவது சட்டம் கொடுத்ததைப் போல 16 மடங்கு! காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் 1909இல் 320 ஏக்கராகவும், 1916இல் மேய்ச்சலுக்கு 640 ஏக்கராகவும் அளவு உயர்ந்தது. அதுவும் போதவில்லை.

சிறிய நிலத்தில் பிழைக்க வேண்டியவர் அதைத் தரிசாக விட முடியாது. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியதும், மண்ணை வேரால் பிடித்து வைத்திருந்த புல்வெளியை உழுது தள்ளினார்கள். 1930களில் மழை பொய்த்தது. மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயலில் பட்டப்பகல் இருண்டது. அந்நாள் 'கறுப்பு ஞாயிறு' எனப்படுகிறது. இரண்டு வாரங்களுக்குள் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரிவில் நேராக உழாமல், சம உயரக் கோட்டை ஒட்டி வளைத்து உழுமாறு உழவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இன்று சில சதுரங்களுக்குள்ளே தெரியும் அலை அலையான பட்டைகள் அச்சட்டத்தின் அடையாளமே.

மேற்குக் கான்சாஸின் மேலே பறந்தால் சதுரங்களுக்குள் பச்சை வட்டங்களையும் காணலாம். பிராங்க் சைபக் என்ற உழவர் உருவாக்கி 1952இல் காப்புரிமை பெற்ற பாசனக் கருவியின் வேலை அது. நடுவில் ஒரு கிணறு. அதைச் சுற்றிக் கடிகார முள்ளைப் போல் ஒரு நீண்ட குழாய் நகர்ந்து நீர் தெளிக்கிறது. 160 ஏக்கர் சதுரத்தின் பக்கம் அரை மைல் ஆகையால், குழாய் கால் மைலுக்கு மேல் நீள முடியாது. வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 126 ஏக்கர் வரும். நீர் வருவது ஒகல்லாலா என்னும் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த அந்நீரின் மட்டம் பல இடங்களில் இறங்கிக்கொண்டே வருகிறது. குழாய் எட்டாத நான்கு மூலைகளிலும் மீதி 34 ஏக்கர். சிலர் மழையை நம்பி அங்கே விதைக்கிறார்கள். சிலர் புல் முளைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.