சில்லின் பூச்சும் சுன்னாகத்துக் கிணறும்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பலர் பேசாமல் வீடு திரும்பிப் பழைய காரையே கழுவித் துடைக்கிறார்கள். காங்கேசன்துறை வீதியில் ஓடும் அக்குவா, வகன் ஆர், பிரியஸ்களின் அலோய் சில்லுகளைக் குனிந்து பாருங்கள்: விளிம்பில் உரசல், மினுக்கத்துக்குள் வெள்ளைப் பொருக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஏ40 கார் ஓட்டிய ஊருக்கு, இருப்பதைத் திருத்தி ஓட்டுவது புதிதல்ல. ஆனால் ஏ40இன் சில்லு உருக்கு. கறளைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தால் காரியம் முடிந்தது. அலுமினியத்தின் நோய் வேறு.

காற்றுப் பட்டதுமே அலுமினியம் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். அதுதான் அதன் காவல். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தக் காவலை உடைக்கிறது. சுன்னாகத்துக்கு வடக்கே பத்துக் கிலோமீற்றருக்குள் கடல். உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. மதிலில் உரசிய ஒரு கீறல் போதும். உள்ளே புகுந்த உப்பு, பெயின்ற்றுக்கு அடியில், கறையான் சுவரில் மண்கோடு இழுப்பதுபோல நூல் நூலாக ஊர்ந்து போகும். நூலின் தலையில் அமிலம், ஒட்சிசன் குறைவு. வாலில் ஒட்சிசன் தாராளம். இந்த வேறுபாடு ஒரு சிறு மின்கலமாகி, தலையை முன்னே நகர்த்திக்கொண்டே இருக்கும். வாலில் எஞ்சும் அலுமினியம் ஐதரொட்சைட்டுத்தான் நாம் காணும் வெள்ளை. இதன்மேல் எந்த விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும் ஊர்வது நிற்காது. பழையதை அடியோடு உரித்தாக வேண்டும்.

எதைக் கொண்டு உரிப்பது என்பதில்தான் சுன்னாகத்துக்கு மற்ற ஊர்களைவிட அதிகக் கவனம் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு பெரிய நிலத்தடி நீர்ப்படுகைகளில் வலிகாமத்துக்கு அடியில் இருப்பதை ஆய்வாளர்கள் சுன்னாகம் என்ற பெயராலேயே அழைக்கிறார்கள். மேலே மெல்லிய செம்மண், கீழே வெடிப்பும் குழியுமான சுண்ணாம்புக்கல். ஊற்றியது எதுவும் வடிபடாமல் இறங்கும். சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எண்ணெய் மிதக்கும்; அதனால் கண்ணிலும் மூக்கிலும் பட்டது. பெயின்ற் உரிக்கப் பல நாடுகளில் நெடுங்காலம் பயன்பட்ட டைகுளோரோமீதேன் மிதக்காது. தண்ணீரைவிட 1.33 மடங்கு பாரமான, நிறமற்ற திரவம் அது. கிணற்று வாளி எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். குடிநீரில் லீற்றருக்கு 20 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லீற்றர் முழுதாகக் கரைந்தால் 66 மில்லியன் லீற்றர் நீர் அந்த எல்லையைத் தொடும். முக்கால்வாசி ஆவியாகிப் போனது என்று வைத்தாலும் மிச்சம் சிறிதல்ல. ஆவியும் சாதுவானதல்ல, சுவாசித்தவரின் உடலுக்குள் அதன் ஒரு பகுதி காபன் மொனொட்சைட்டாக மாறும். அமெரிக்கா 2024இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. கேற் கழுவும் பழக்கத்தில் கோஸ்ரிக் சோடாவை எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அது பெயின்ற்றோடு அலுமினியத்தையும் தின்னும்.

மிஞ்சுவது துகள் வீச்சு. அலுமினியம் ஒட்சைட்டுத் துகளையோ கண்ணாடி மணிகளையோ காற்றழுத்தத்தில் வீசினால் பழைய தோல் உரியும். விழுவதைக் கூட்டி அள்ளலாம். இலவசம் என்று கடற்கரை மணலை அள்ளி வீசுவது இரட்டைக் கேடு. சிலிக்காத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும். மணலோடு வந்த உப்பு சில்லிலேயே தங்கும். கழுவும் நீரையும் கவனிக்க வேண்டும். நம் கேத்தில்களில் வெள்ளையாகப் படிவது சில்லிலும் படியும், அதன்மேல் பூச்சு சரியாக ஒட்டாது. கடைசிக் கழுவலுக்குத் தாது நீக்கிய நீர் வேண்டும்.

உரித்த சில்லுக்கு இனித் தூள் பூச்சு. 1950களில் ஜேர்மனியில் எர்வின் கெமர் சூடான உலோகத்தைத் தூளுக்குள் அமிழ்த்திப் பூச்சிட்டார். இன்றைய துவக்கு தூளுக்குப் பல பத்தாயிரம் வோல்ற்றில் மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கிறது; புவித்தொடுப்புள்ள சில்லு அதை இழுத்துக்கொள்கிறது. கரைப்பானே கிடையாது. ஆனால் ஆரங்களுக்கு இடையிலுள்ள உள்மூலைகளுக்குள் மின்புலம் நுழையாது. தூள் விளிம்புகளிலேயே குவியும். கைதேர்ந்தவர் வோல்ற்றைக் குறைத்து மூலைகளை முதலில் அடிப்பார்.

பிறகு போறணை. வழமையான தூளுக்கு 180 முதல் 200 பாகை செல்சியஸ், பத்து இருபது நிமிடம். வாடிக்கையாளர் கேட்காத கேள்வி இங்கேதான் இருக்கிறது. வார்ப்புச் சில்லுகள் பெரும்பாலும் சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியம். தொழிற்சாலையில் 540 பாகை அளவில் சூடாக்கி, நீரில் சடுதியாகக் குளிர்வித்து, பின் 150 பாகையை ஒட்டிய சூட்டில் சில மணிநேரம் பதப்படுத்துவார்கள். அப்போது உருவாகும் மக்னீசியம் சிலிசைட்டு நுண்துகள்கள்தான் உலோகம் வளையாமல் தாங்குகின்றன. 200 பாகையில் நெடுநேரம் விட்டால் அவை பருத்து, சில்லு மென்மையாகும். ஒருமுறை அளவோடு சுட்டால் பாதகமில்லை. வெடிப்பை வெல்டிங் பண்ணி மறைத்து, மூன்று நிறம் மாற்றி மூன்று தரம் சுட்ட சில்லை நான் என் காரில் பூட்டமாட்டேன்.

பூட்டும்போது பார்க்க வேண்டியது நட் அமரும் கூம்புக் குழியும், அச்சோடு ஒட்டும் பின்முகமும். இரண்டும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். அங்கே தூள் பட்டு வெந்திருந்தால், 60, 80 மைக்ரோன் தடிப்புள்ள அந்தப் பிளாஸ்ரிக் ஓட்டத்தில் நசிந்து, இறுக்கிய நட் தளரும். சரியாக மூடிச் சுட்ட சில்லையும் 50, 100 கிலோமீற்றர் ஓடியபின் டோர்க் ஸ்பானரால் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.