மனத்தைப் படிக்கும் படிப்பு, மடிக்குப் பணம் தருமா?

உங்கள் வீட்டில் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் முடித்த பிள்ளை உண்டா? அப்படியானால் யூ.பி.யூ. முடிவு வரும் நாளில் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவம், சட்டம் என்று மேலே எழுதியிருப்பார்கள். வந்திருப்பதோ பட்டியலின் அடியில் போகிற போக்கில் எழுதிய ஏதோ ஒரு துறையாக இருக்கும். அப்படி வந்து சேரும் பெயர்களில் ஒன்றுதான் 'சாயின்ஸ் கொக்னித்திஃப்'. தமிழில் அறிதிறன் அறிவியல் எனலாம்.

"இது டாக்டர் படிப்பா, வாத்தியார் படிப்பா?" என்று தாத்தா கேட்பார். "முடித்தால் என்ன சம்பளம்?" என்று அப்பா கேட்பார். கிளேபாங் கடலோரத்திலிருந்து ஆசகான் தோட்டப்புறம் வரை எந்தப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதலில், இது என்ன படிப்பு? மனிதன் எப்படிப் பார்க்கிறான், நினைவில் வைக்கிறான், மறக்கிறான், முடிவெடுக்கிறான் என்பதை உளவியல், கணினி, மொழியியல், மூளையியல், தத்துவம் ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்வது. ஓர் உதாரணம் பாருங்கள். வங்கிப் பணப்பொறி முதலில் பணத்தைத் தந்து, பிறகு அட்டையைத் தந்தால் என்ன ஆகும்? வந்த வேலை முடிந்தது என்று மனம் முடிவு கட்டிவிடும். அட்டையை அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். அதனால்தான் பல பொறிகளில் அட்டை முதலில் வருகிறது, பணம் பின்னால் வருகிறது. மனத்தின் இந்தச் சிறிய பலவீனத்தைத் தெரிந்துகொண்டு பொறியை மாற்றியமைப்பது காசு பெறும் அறிவு. கைப்பேசிச் செயலி, மருத்துவமனைக் கருவி, விமானியின் அறை எல்லாவற்றுக்கும் இதே அறிவு வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பெயரிலேயே பட்டம் தருவது சரவாக்கில் கோத்தா சமரகானில் உள்ள யூனிமாஸ் பல்கலைக்கழகம். 1992-இல் நிறுவப்பட்டது. அறிதிறன் அறிவியலுக்கும் மனித மேம்பாட்டுக்கும் அங்கே தனிப் புலமே இருக்கிறது.

உலகப் புகழைக் கேட்டால் மயங்கிவிடுவோம். 2024-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹிண்டன், கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியது சோதனை உளவியலில். அதே ஆண்டு வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹசாபிஸின் முனைவர் பட்டம் அறிதிறன் நரம்பியலில். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டம் வாங்கிய கையோடு ஹிண்டனுக்குப் பெரிய சம்பளம் காத்திருக்கவில்லை. அவர் சிறிது காலம் தச்சு வேலை செய்தார்! நோபல் பரிசை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போட முடியாது.

சரி, வீட்டுக் கணக்கையே போடுவோம். 2025-இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. பத்து பெரெண்டாம் மின்னணு ஆலையில் ஒரு பிள்ளை அந்தச் சம்பளத்துக்கே சேர்ந்தாலும் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. மிகைநேர வேலையைச் சேர்த்தால் கூடும். படிப்பு நான்கு ஆண்டு என்று வைத்தால் 81,600 வெள்ளி. படிக்கப் போகிற பிள்ளை இதை விட்டுவிட்டுத்தான் போகிறது. கல்விக் கட்டணத்தையும் பி.தி.பி.தி.என். கடனையும் நினைக்கும் பெற்றோர், வராமல் போன இந்தச் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். இதுதான் படிப்பின் மிகப் பெரிய செலவு.

பட்டம் முடித்து 2,800 வெள்ளியில் வேலை கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 1,100 வெள்ளி கூடுதல். விட்ட பணத்தைப் பிடிக்க ஆறு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். 2,200 வெள்ளிதான் என்றால்? பதின்மூன்று ஆண்டுக்கும் மேல்! கடன் தவணை வேறு. இரண்டு பேருக்கும் கையில் இருப்பது ஒரே பட்டத்தாள்தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது?

பட்டத்தின் பெயரில் இல்லை என்பது என் கருத்து. இந்தப் படிப்புக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. நிரல் எழுதுவது, புள்ளியியல், மனிதரை வைத்து ஒரு பொருளைச் சோதித்துப் பார்ப்பது ஆகியவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் மாணவனை மென்பொருள் நிறுவனமும் வங்கியும் தேடும். கணக்கு வந்தால் ஓடி, பொதுப் பாடங்களை மட்டும் மனப்பாடம் செய்து தேறுகிறவன் மற்ற பட்டதாரிகளின் கூட்டத்தில் ஒருவனாக நிற்பான். நாட்டில் வேலை பார்க்கும் உயர்கல்வி கற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையில்தான் இருக்கிறார்கள் என்று புள்ளிவிவரத் துறை சொல்லிவருவதை மறக்க வேண்டாம்.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்கிவிட வேண்டும். மனத்தைப் பற்றிய படிப்பு என்றதும் "என் மகள் கவுன்சலர் ஆகப் போகிறாள்" என்று கல்யாண வீட்டில் சொல்லிவிடாதீர்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சலராகப் பதிவு பெற அதற்குரிய படிப்பு வேண்டும். மருத்துவமனை உளவியலாளர் ஆக அதன் மேல் முதுகலையும் வேண்டும். அறிதிறன் பட்டம் மட்டும் போதாது. அரசாங்கத்தின் நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலைக்கு எந்தத் துறைப் பட்டமும் ஏற்கப்படும். ஆனால் அங்கே போட்டி கடுமை.

மலாக்கா வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிள்ளையின் ஆசை கணினிப் பக்கம்தான் என்றால், கடல் தாண்டுவதற்கு முன் டுரியான் துங்கலைப் பாருங்கள். அங்குள்ள யூ.தே.எம். பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவில் கணினிப் பட்டம் தருகிறது. கிளேபாங்கிலிருந்து அன்றாடம் போய் வரலாம். விடுதிச் செலவும் விமானச் செலவும் மிச்சம். மனிதரின் நடத்தையில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைக்குத்தான் சமரகான் பயணம் பொருந்தும். அந்த ஆர்வம் இருந்தால் நான் தடுக்க மாட்டேன், வழியனுப்பவே சொல்வேன். இயந்திரம் மனிதனைப் போல் பேசத் தொடங்கியிருக்கும் இந்த நாளில், மனிதன் எப்படித் தவறுகிறான் என்று தெரிந்தவனுக்கு வேலை குறையாது என்பது என் எண்ணம்.

போவதென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்பத்திலிருந்து செல்லும் மாணவருக்கும் சரவாக்கில் மாணவர் அனுமதி வேண்டும். படிப்பு முடிந்து அங்கேயே வேலை செய்ய வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி வேண்டும். ஆகவே தொழிற்பயிற்சிக் காலத்தைக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சைபர்ஜெயாவிலோ கழித்தால், பின்னால் வேலை தேடும்போது அந்த அறிமுகம் கைகொடுக்கும்.

இடம் கிடைத்த கடிதத்துக்குச் சம்மதம் சொல்லும் முன், பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலை வாங்கிப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நிரல் பாடம் எத்தனை, புள்ளியியல் எத்தனை, பயிற்சி எத்தனை வாரம் என்று பென்சிலால் குறியுங்கள். அந்தப் பாடங்களைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் வாடுகிறதா, மலர்கிறதா என்றும் பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் யூ.பி.யூ. மேல்முறையீடு உண்டு. அதற்குச் சில நாட்களே தருவார்கள். முடிவு வந்த அன்றே கடைசித் தேதியை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.