பயிர் தாங்கும், உடல் தாங்குமா?

பயிர் நன்றாக விளைந்தால் மண்ணும் நல்ல மண்தான் என்று சொல்லிவிடலாமா? ஜப்பானின் தொயாமா வட்டாரம் வேறு பாடம் சொல்கிறது.

அங்கே ஜின்சு ஆற்றங்கரையில், பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்புகள் முறிந்தன. “வலிக்கிறது, வலிக்கிறது” எனத் துடித்தார்கள். ஜப்பானிய மொழியில் ‘இதாய் இதாய்’ என்ற அந்தச் சொல்லே நோயின் பெயரானது. கமியோகா சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் என்ற உலோகமே காரணம் என்று 1968-இல் அரசு அறிவித்தது. பாசன நீர் வழியாக அது வயலுக்கும் அரிசிக்கும் வந்திருந்தது.

நஞ்சுள்ள மண்ணில் நெல் எப்படி விளைகிறது? காட்மியம் நுழைந்ததும் செடி, கந்தகம் அடங்கிய சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து அதைக் கட்டிப்போடுகிறது. பிறகு வேரின் உயிரணுக்களில் உள்ள நுண்ணறைகளில் பூட்டி வைக்கிறது. பூட்டுக்குத் தப்பியது தண்டில் ஏறி நெல்மணியில் தங்குகிறது. செடியை வாட்டாத அளவு கூட, பல ஆண்டுகள் உண்டால் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கதிர் வரும் பருவத்தில் வயலில் நீர் தேக்கினால் காட்மியம் கரையாமல் மண்ணிலேயே நிற்கும். ஆனால் அப்போது ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு அரிசியில் கூடும். ஆகவே, காட்மியம் நுழையும் வாயிலை வேரிலேயே அடைத்த கோஷிஹிகாரி நெல் வகையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் அறிமுகப்படுத்தினர்.

ஜின்சு கரையில் வயல்மண்ணைச் சீராக்க 30 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பயிரின் பசுமை மண்ணுக்குச் சான்றிதழ் ஆகாது. மண்ணையும் அரிசியையும் சோதிப்பதே பாதுகாப்பு.